நாலாம் கிரீனில் குழி வெட்டாத காலை

உட்காருங்கள். அந்த மிஷின்மேல் மட்டும் யாரும் சாயாதீர்கள், நேற்றுத்தான் பிளேடு தீட்டியிருக்கிறார்கள். கறிபாப் ஆறிப் போவதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள். நான் பேச ஆரம்பித்தால் சீக்கிரம் நிறுத்தமாட்டேன்.

புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்று உங்கள் மண்டோர் பார்வதி என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நல்ல வார்த்தை என்னிடம் கொஞ்சம் கம்மி. இந்தக் கோல்ஃப் மைதானத்துக்குள் களை பிடுங்குகிறவளாக வந்து, மண்டோராக வெளியே போனவள் நான். மண்டோர் என்றால் வேலையாட்களுக்குத் தலைவி என்று சொல்வார்கள். திட்டு விழுந்தால் முதலில் வாங்கிக்கொள்கிறவள் என்று நான் சொல்வேன். புல்லை எப்படி வெட்டுவது, எந்த மருந்தை எவ்வளவு தண்ணீரில் கலக்குவது என்பதையெல்லாம் மேனேஜர் சொல்லித் தருவார். மேலே இருக்கிறவர் ஒன்றைச் செய் என்கிறார், செய்தால் கெட்டுவிடும் என்று உங்களுக்குத் தெரிகிறது, அப்போது என்ன செய்வது? அதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள். அதற்குத்தான் நான் வந்தேன்.

நாலாம் கிரீன் கதையைச் சொல்கிறேன், பந்தைக் குழிக்குள் தள்ளுகிற அந்தப் புல்தரையின் கதை. அதில் பார்வதி அடித்த கூத்தும் வரும். சொல்லலாமா என்று கேட்டேன், "தாராளமா சொல்லுக்கா, எனக்கென்னா வெக்கம்?" என்று சொல்லிவிட்டாள்.

இன்றைக்கு நீங்கள் பார்க்கிற நாலாம் கிரீன் அப்போது இல்லை. அங்கே ஒரு கிழட்டுக் கிரீன் இருந்தது. மலையடியில் கிடந்ததால் வெயில் அதற்குத் தாமதமாகத்தான் வரும், வந்தாலும் மதியத்துக்குள் மூடுபனி இறங்கிவிடும். புல்லைவிடப் பாசி அதிகம். கால் வைத்தால் தடம் அப்படியே நிற்கும். குழி வெட்டும் கட்டரை இறக்கி மண்ணைத் தூக்கினால் அடியில் கறுப்பாக ஒரு அடுக்கு, அழுகின முட்டை நாற்றம். தண்ணீர் இறங்க வழியில்லாமல் மண் உள்ளேயே செத்துக் கிடந்தது. மேலே எத்தனை உரம் போட்டாலும் அது பிணத்துக்குப் பவுடர் போடுகிற வேலைதான்.

கிளப் கமிட்டிக்கும் இது தெரியும். தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டவேண்டும் என்று முடிவெடுத்தார்கள். வெளியூர் கான்ட்ராக்டர் ஒருவர் வந்து பார்த்தார். கிரீனைக் கட்டித் தருகிறேன், அதோடு மைதானம் முழுவதையும் என் ஆட்களே பராமரிப்பார்கள் என்றார். அப்படியென்றால் எங்களுக்கு வேலையில்லை.

என்னையும் சேர்த்து நாங்கள் ஏழு பெண்கள். ஏழு பேரும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்கள். அங்கிருந்து எங்களை யாரும் அடித்து விரட்டவில்லை. கொழுந்து வெட்டும் மிஷின் வந்தது, வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள், எங்களுக்கு வேலை குறைந்துகொண்டே போனது, ஒரு நாள் சுத்தமாக இல்லை. வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்தோம். அந்த ஆத்திரம் எனக்குள் அப்படியே இருந்தது. இன்னொரு தடவை வாயை மூடிக்கொண்டு போகமாட்டேன் என்று நான் எப்போதோ முடிவு செய்துவிட்டேன்.

மேனேஜர் என்னைக் கமிட்டிக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். அவர் மலாய்க்காரர், வயதில் சின்னவர், படித்த மனிதர். வெயிலோ மழையோ எங்களோடு நிற்பார். கமிட்டித் தலைவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். ஈப்போவில் வக்கீல், நம் தமிழர்தான். கெட்டவர் இல்லை. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீடு தேடி வருவார். ஆனால் எதிர்ப்பேச்சு வந்தால் அவருக்குக் காது அடைத்துக்கொள்ளும்.

"இந்தக் கிரீன நாங்களே கட்டுறோம் சார். மேனேஜர் அளவு பாத்துச் சொல்லட்டும், வேல எங்களோடது" என்றேன்.

"ஏம்மா ஆரோக்கியம், இது தோட்டத்துல தேயிலச் செடியக் கவ்வாத்து வெட்டுற மாதிரி வேல இல்ல."

"கவ்வாத்து சுலபமான வேலன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி. முடியலைன்னா?" என்று கேட்டார்.

"முடியலைன்னா கான்ட்ராக்டரக் கூப்பிடுங்க. நாங்க ஏழு பேரும் வீட்டுக்குப் போயிடுறோம்."

வெளியே வந்து மற்றவர்களிடம் சொன்னபோது சரோஜா தலையில் அடித்துக்கொண்டாள். "உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணுக்கா. எங்களக் கேட்டியா நீ?" கேட்கவில்லைதான். கேட்டிருந்தால் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள், அதற்குள் கான்ட்ராக்டர் லாரியோடு வந்து இறங்கியிருப்பார்.

தோண்டினோம். நாறின மண்ணை அள்ளிக் கொட்டினோம், அடியில் குழாய் புதைத்தோம், மேலே கல்லும் மணலும் பரப்பினோம். அதையெல்லாம் நீட்டி முழக்கமாட்டேன். மணல் பரப்பி முடிந்ததும் மேனேஜர் அளவுக்கருவியை வைத்துப் பார்த்து, எங்கே மேடு, எங்கே சரிவு என்று காட்ட மரக்குச்சிகளை நட்டுவைத்தார். அந்தக் குச்சி உயரத்துக்கு மணலை ஏற்றி இறக்கிவிட்டுப் புல் நடவேண்டும். மிச்சம் அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து என் மகளுக்கு ஈப்போவில் பட்டமளிப்பு. ஒரே மகள், போகாமல் இருக்கமுடியுமா? மேனேஜரும் ஏதோ மீட்டிங் என்று கோலாலம்பூருக்குப் போய்விட்டார். குச்சியெல்லாம் நட்டாயிற்று, எதற்கென்று இவர்களுக்குத் தெரியாமலா இருக்கும், பார்த்துக்கொள்வார்கள் என்று கிளம்பினேன். ஈப்போவில் இருக்கும்போது மழை கொட்டித் தீர்த்தது. மண் சரிந்து, கேமரன் மலைக்கு ஏறுகிற சிம்பாங் பூலாய் பாதையை மூடிவிட்டார்கள். போன் போட்டால் பார்வதி, "நீ ஒன்னும் கவலப்படாதக்கா, எல்லாம் ஜோரா நடக்குது" என்றாள். கடைசியில் தாப்பா வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

நேராகக் கிரீனுக்குப் போனேன். ஆறு பேரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள், முகமெல்லாம் பல்.

"பாத்தியாக்கா? மேச மாதிரி!"

மேசைதான். ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே மட்டம். ஒரு மேடு கிடையாது, ஒரு சரிவு கிடையாது. அதன்மேல் புல்லையும் நட்டு முடித்திருந்தார்கள்.

தேயிலைச் செடியின் தலை மேசை மாதிரி மட்டமாக இருக்கவேண்டும். ஒரு கிளை தூக்கிக்கொண்டு நின்றால் கங்காணி வாயில் வராததெல்லாம் வரும். வருஷக்கணக்காகக் குச்சி வைத்து மட்டம் பார்த்துக் கொழுந்து எடுத்த கண் அது. மேட்டைக் கண்டால் அந்தக் கண்ணுக்குப் பொறுக்காது, கை தானாகப் போய்ச் சமன் செய்துவிடும்.

"குச்சியெல்லாம் எங்கடி?"

"எந்தக் குச்சி? அந்த ஆப்பா? யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு புடுங்கிப் போட்டோம்."

"பார்வதி! கண்ணு பொடனியிலயா இருக்கு உனக்கு? கிரீன்ல சரிவு இல்லாட்டித் தண்ணி எங்கடி போவும், உங்க வீட்டுக்கா?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று பின்னேரம் மழை வந்தது. கீழே எத்தனை குழாய் இருந்தாலும், மேலே தட்டையாகக் கிடந்தால் கேமரன் மழைக்குத் தாங்காது. தட்டில் ஊற்றின தேநீர் மாதிரித் தண்ணீர் அப்படியே நின்றது. பார்வதி குடைகூட இல்லாமல் ஓரத்தில் நின்று அழுதாள். "என்னாலதானே, எல்லாருக்கும் வேல போவப்போவுது." எனக்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. கூட்டிப்போய்க் கொட்டகையில் உட்காரவைத்துச் சூடாகக் குடிக்கக் கொடுத்தேன்.

மறுநாள் மேனேஜர் திரும்பி வந்தார். பார்த்தார். தலையைச் சொறிந்தார். வருடாந்திரப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. கோலாலம்பூரிலிருந்து பெரிய பெரிய விருந்தாளிகள் வருவார்கள். நாலாம் கிரீனுக்குப் பின்னால் தேயிலை மலை தெரிகிறது அல்லவா, எல்லோரும் அங்கே நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள். புதுக் கிரீன் தயாராக இருக்கும் என்று கேப்டன் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டார். அவரும் அன்று பின்னேரமே வந்துவிட்டார்.

"யாரு பண்ணுன வேல இது?"

"நாங்க ஏழு பேரும் பண்ணுனது" என்றேன்.

"நீ ஈப்போவுல இல்ல இருந்த?"

"எங்க இருந்தா என்னா சார், நான்தானே மண்டோர்."

அவர் கிரீனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "பரவால்ல, இருக்கட்டும். புல்லு மூடிட்டா யாருக்குத் தெரியப்போவுது? போட்டி முடியட்டும், அப்புறமாப் பாத்துக்கலாம்."

இந்த இடத்தைக் கவனியுங்கள். எனக்கு அதைவிட சௌகரியமான வழி எது? ஆமாம் சார் என்று தலையாட்டியிருந்தால் போட்டி நடந்திருக்கும், படம் எடுத்திருப்பார்கள், எங்கள் வேலையும் அப்போதைக்குத் தப்பியிருக்கும். பிறகு ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நின்று, வேர் அழுகி, பழையபடி பாசி ஏறும். அப்போது, இந்தப் பெண்களுக்குக் கட்டத் தெரியவில்லை என்று சொல்லித்தான் வெளியே அனுப்பியிருப்பார்கள். அதுவும் நியாயமாகவே இருந்திருக்கும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"புல்லப் புடுங்கிட்டு மறுபடியும் செய்வோம்" என்றேன்.

"போட்டிக்குள்ள வேர் புடிக்காது!"

"புடிக்காதுதான்."

"அப்புறம் கான்ட்ராக்டர் பேச்சு வந்தா என்னையக் கேக்காத."

"சாபார்லா, காக்" என்று மேனேஜர் மெல்ல என் பக்கம் திரும்பினார், பொறுத்துக்கொள் அக்கா என்று. நான் பொறுத்துக்கொள்ளவில்லை. கேப்டன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து முதல் கைப்பிடிப் புல்லைப் பிடுங்கினேன். எனக்குப் பின்னால் சரோஜா குனிந்தாள். என் வாய்க்குப் பூட்டு வாங்கச் சொன்னாளே, அதே சரோஜாதான். பிறகு எல்லோரும் குனிந்தார்கள். அழுதுகொண்டே பிடுங்கினவள் பார்வதி ஒருத்திதான்.

இரண்டாம் தடவை மேனேஜர் கருவியோடு கூடவே நின்றார். மழை பெய்யும்போது எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு கிரீனைச் சுற்றி நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்து மணலைத் திருத்தினோம். அவர் கருவியில் பார்த்ததும் நாங்கள் மழையில் பார்த்ததும் ஒத்துப்போன பிறகுதான் புல் நட்டோம். அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். கயிறு பிடித்துக் கிரீனை ஏழாகப் பிரித்து ஆளுக்கொரு நிரை கொடுத்தேன்.

தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நிரை என்றால் செடி வரிசை. காலையில் கங்காணி ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார். கொடுத்துவிட்டால் அன்றைக்கு அது உன்னுடையது. பக்கத்து நிரைக்காரி கை நீட்டி ஒரு கொழுந்து கிள்ளினால் போச்சு, மலையே அதிரும். எங்கள் மலையில் கங்காணிகூட, "வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். அந்த வழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தேன். உன் நிரையில் ஒரு புல் செத்தாலும் நீதான் பொறுப்பு. அதற்குப் பிறகு பார்க்கவேண்டுமே, சொந்தப் பிள்ளையைக்கூட அப்படிக் கவனித்திருக்கமாட்டார்கள்.

போட்டி நாள் வந்தது. புல் பச்சையாகத்தான் இருந்தது, எட்ட நின்று பார்த்தால் அழகு. வேர் மட்டும் இறங்கவில்லை. பக்கத்தில் தற்காலிகமாக ஒரு சின்னக் கிரீனை வெட்டிவைத்தோம், விளையாட்டு அதில் நடக்கலாம் என்று மேனேஜர் முன்கூட்டியே கமிட்டிக்குச் சொல்லியிருந்தார். கேப்டன் அதற்குச் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை.

காலையில் பனி விலகாத நேரம். மைதானத்துக்குள் ஓடுகிற பகி வண்டி ஒன்று வந்து நின்றது. கேப்டன் இறங்கினார், பின்னால் மேனேஜர். "குழி எங்கம்மா?" என்றார் கேப்டன். குழி இல்லாவிட்டால் அது கிரீன் இல்லை, வெறும் புல்தரை.

"வெட்டல சார். வேர் புடிக்கல."

ஓரத்தில் ஒரு புல்லை இரண்டு விரலால் தூக்கினேன். சத்தமில்லாமல் கையோடு வந்தது. அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இத்தன பேரும் ஆணி வெச்ச சப்பாத்தோட ஏறித் திரும்புனா எல்லாம் இப்படித்தான் வரும்."

"ஒரு நாளுதானேம்மா. எத்தன பேருக்குச் சொல்லி வெச்சிருக்கேன் தெரியுமா? என் மானம் போவும்லா."

அவர் குரலில் கோபத்தைவிடக் கெஞ்சல்தான் அதிகம். எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் முடியாது என்றேன். அவர் பகியிலிருந்து கட்டரை எடுத்தார். "நீ வெட்டலன்னா நானே வெட்டுறேன்."

அவர் கிரீனை நோக்கி நடந்தபோது பார்வதி குறுக்கே வந்து நின்றாள். அதுவரை கேப்டன் முன்னால் தலை நிமிர்ந்து பேசாதவள் அவள்.

"இது என் நெர சார். என்னையக் கேக்காம கால வெக்கப்படாது."

"என்னா?"

"என் நெர."

"இது என்னா எஸ்டேட்டா?" என்றவர், அவள் நகராததைப் பார்த்துவிட்டு, "சரி, கேக்குறேன். வெக்கலாமா?" என்றார்.

"வெக்கப்படாது."

அவர் இரண்டடி தள்ளிப் போனார். அங்கே சரோஜா நின்றாள். "இது என்னோடது சார். வெக்கப்படாது." இன்னும் தள்ளிப் போனார், அங்கேயும் ஒருத்தி. கிரீனைச் சுற்றி நடந்து நடந்து கடைசியில் என் முன்னால் வந்து நின்றார். அதற்குள் பனி விலகி, விருந்தாளிகள் சிலர் கிரீனுக்கு வருகிற ஃபேர்வே புல்வெளியில் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்.

"நீயுமாம்மா?"

"நானுந்தான் சார்."

மேனேஜர் எங்கள் பக்கம் வந்து நிற்கவில்லை. அந்தப் பக்கமும் போகவில்லை. பகிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் கட்டரைப் புல்தரையில் போட்டுவிட்டு நடந்தே திரும்பிப் போனார். அன்று நாலாம் குழி தற்காலிகக் கிரீனில்தான் நடந்தது. விருந்தாளிகள் சிரித்தார்களாம், கேப்டனை ஏழு பெண்கள் மடக்கிவிட்டார்கள் என்று சாப்பாட்டு மேசையில் ஒரே கேலியாம்.

அதற்குப் பிறகு வேர் இறங்கியது. கிரீனைத் திறந்த வாரம் பிடித்த மழையில் மற்ற கிரீன்களெல்லாம் சொதசொதவென்று கிடந்தன, நாலாம் கிரீனில் ஆட்டம் நடந்தது. கான்ட்ராக்டர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஜெயித்தோம் என்று நினைத்தேன். அப்போதுதான் கேப்டன் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"கிரீன் நல்லா வந்திருக்கு, நான் இல்லன்னு சொல்லல" என்றார். "ஆனா அத்தன பேர் முன்னால நடந்துச்சே. கமிட்டி கேக்குது. நாங்க எல்லாரும் தப்புப் பண்ணிட்டோம்னு நீ ஒரு வார்த்த சொல்லிடு. அதோட முடிஞ்சுது, எல்லாரும் இருக்கலாம்."

"சொல்லலன்னா?"

"யாராச்சும் ஒருத்தர் போகவேண்டி வரும்மா. நான் என்னா செய்ய?"

ஒரு வார்த்தைதானே என்று உங்களுக்குத் தோன்றும். என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். ஆனால் நான் தப்பு என்று சொன்னால், பார்வதி குறுக்கே வந்து நின்றதும் தப்பாகிவிடும். மட்டம் பார்த்தது அவள் செய்த தப்பு. அதற்கு அவள் அழுது தீர்த்துவிட்டாள். குறுக்கே நின்றது தப்பில்லை. அதற்கு எப்படி நான் அவள் சார்பில் மன்னிப்புக் கேட்பது?

"அப்ப நான் போறேன் சார். பார்வதிய மண்டோராப் போடுங்க" என்றேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆபீஸ் சுவரில் என் படத்துக்குக் கீழே பணி ஓய்வு என்று எழுதியிருக்கிறார்கள். போகும்போது பாருங்கள். எழுதினவர்களுக்கு அப்படி, எனக்கு அது வேறு. கிளப்பில் பிரிவு விருந்து வைத்தார்கள். மீகூன், கோழிக்கறி, கேக், எல்லாம் இருந்தது. கேப்டன்தான் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். போர்த்தும்போது காதோரமாக, "இப்பவாச்சும் அந்த ஒரு வார்த்தயச் சொல்லிட்டுப் போம்மா, எல்லாருக்கும் மனசு லேசாயிடும்" என்றார்.

"சொல்றேன் சார்" என்று மைக்கை வாங்கினேன்.

கமிட்டி முழுவதும் முன் வரிசையில் இருந்தது. என் ஆட்கள் ஆறு பேரும் பின்னால், சமையலறைக் கதவுப் பக்கம். ஒவ்வொருத்தி பெயராகச் சொல்லி எழுந்திருக்கச் சொன்னேன். தயங்கித் தயங்கி எழுந்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "போட்டி அன்னைக்கு நாலாம் கிரீன்ல யாரையும் கால வெக்க விடாம நின்னவங்க இவங்கதான். இவங்க செஞ்சது சரி" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கேப்டன் கையில் கொடுத்தேன்.

மேனேஜர் மட்டும் கை தட்டினார், பிறகு நிறுத்திக்கொண்டார். ஆறு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். கேப்டன் கை தட்டும்வரை ஒருத்தியும் உட்காரவில்லை.